தோலில் தெரிவது தோலின் நோயா? வீட்டுக் கறவைப் பசுவின் சொறி, பொருக்கு, கழலை குறித்த ஆய்வு

ஒன்றோ இரண்டோ கறவை வைத்திருக்கும் வீட்டில் மாட்டின் உடம்பு தினமும் இரண்டு வேளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மடி கழுவும்போதும் கயிறு மாற்றும்போதும் கை தோல்மேல்தான் படுகிறது. அதனால் பசுவுக்கு வரும் நோய்களில் தோல் நோய்தான் பெரும்பாலும் முதலில் கண்ணில் படும். என்ன நோய் என்பதில்தான் உடன்பாடு இல்லை. ரத்தம் கெட்டுப்போனது என்பார் ஒருவர். பூச்சி என்பார் இன்னொருவர். தீவனத்தில் சத்தில்லை என்பார் மூன்றாமவர். வைரஸ் என்ற நான்காவது விடையைத் தோல் கழலை நோய் கடந்த சில ஆண்டுகளில் ஊர் ஊராகக் கொண்டுவந்து சேர்த்தது.

நான்குக்கும் நீண்ட வரலாறு உண்டு, நான்கிலும் உண்மை உண்டு. சிக்கல் தோலின் இயல்பிலேயே இருக்கிறது. எந்தக் காரணம் தாக்கினாலும் தோல் காட்டக்கூடிய குறிகள் சில மட்டுமே: முடி கொட்டும், தடிக்கும், பொருக்குக் கட்டும், கசியும், புடைக்கும். பத்து இருபது நோய்கள் இந்த ஐந்தாறு குறிகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. குறியைப் பார்த்து நேரே மருந்துக்குத் தாவுவதே வீட்டு மாட்டு வைத்தியத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கும் வீண் செலவுகளுக்கும் வேர் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

‘கெட்ட ரத்தம்’ என்ற பழைய விடை

ஓலைச்சுவடிகளிலிருந்து அச்சேறிய மாட்டு வாகட நூல்கள் சித்த மருத்துவ மரபைச் சார்ந்தவை. வாதம், பித்தம், சிலேத்துமம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வே நோய் என்பது அம்மரபின் அடிப்படை. தோலில் வெடிப்பது உள்ளே கெட்டது வெளியேறும் வழி என்ற நம்பிக்கை அதையொட்டியது. சூடு போடுவது, உள்ளுக்குக் கசாயம் புகட்டுவது, மேலுக்கு எண்ணெய் தடவுவது ஆகிய முறைகள் இந்த நம்பிக்கையோடு பொருந்தியே நடந்து வந்தன.

இது நம் மண்ணுக்கு மட்டும் உரிய கருத்தில்லை. ஐரோப்பிய மருத்துவர்களும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சொறியை உடற்சாறுகளின் கேடு என்றே பெரும்பாலும் நம்பினார்கள். இத்தாலியரான போனோமோ 1687இலேயே மனிதச் சொறியில் வாழும் நுண்ணிய பூச்சியைப் படத்தோடு விவரித்திருந்தார். அது பொருட்படுத்தப்படவில்லை. 1812இல் பாரிஸில் ஒருவர் காட்டிய பூச்சி, பாலாடைக்கட்டியில் வாழும் வேறொரு பூச்சி என்ற குற்றச்சாட்டு எழுந்து, பூச்சிக் கொள்கையே நகைப்புக்கு இடமானது. 1834இல் கோர்சிகா தீவைச் சேர்ந்த மாணவர் ரெனூச்சி, தம் ஊர்ப் பெண்கள் ஊசி முனையால் பூச்சியை எடுக்கும் முறையை மருத்துவர்கள் கண்முன் செய்து காட்டினார். அதோடு அந்த வாதம் ஓய்ந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மரபறிவு என்றாலே உடற்சாறுக் கொள்கை, நவீன அறிவு என்றாலே பூச்சிக் கொள்கை என்று கோடு கிழிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. எங்கே குடைந்தால் பூச்சி கிடைக்கும் என்பது கல்லூரிக்கு வெளியே இருந்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருந்தது.

பழைய விடையின் பலவீனம் அது எதையும் பிரித்துக் காட்டாதது. உடம்பு முழுதும் சொறிந்துகொள்ளும் மாட்டுக்கும், அரிப்பே இல்லாமல் வட்ட வட்டமாகப் பொருக்குக் கட்டும் கன்றுக்கும் அது ஒரே காரணத்தையே சொல்கிறது. ஆனாலும் தோலை உடம்பிலிருந்து பிரித்துப் பார்க்காதே என்ற அதன் எச்சரிக்கை வீணாகவில்லை என்பதைப் பின்னால் காணலாம்.

பூச்சிக் கொள்கையின் வெற்றியும் விலையும்

மாட்டுத் தோலில் வாழும் ஒட்டுண்ணிகளை அடையாளம் கண்டதுதான் இத்துறையின் மிகப்பெரிய முன்னேற்றம். சொறிப்பூச்சிகளிலேயே பல வகை உண்டு. சார்காப்டிஸ் தோலுக்குள் துளைத்துக்கொண்டு போகும். தாங்க முடியாத அரிப்பு, முகத்திலும் கழுத்திலும் தோல் தடித்துச் சுருங்குவது ஆகியவை அதன் போக்கு. மாட்டைத் தொட்டுப் பராமரிப்பவரின் முன்கையிலும் சில நாள் அரிப்பு வரலாம். அது துப்புக் கொடுக்கும் குறி, கேட்டறிய வேண்டியது. கோரியாப்டிஸ் மேற்பரப்பிலேயே வாழ்வது. வாலடி, பின்னங்கால், மடியின் பின்புறம் ஆகியவை அதன் இடங்கள். டெமோடெக்ஸ் மயிர்க்குழிக்குள் இருந்துகொண்டு கழுத்திலும் தோள்பட்டையிலும் பயறு அளவு முடிச்சுகளை உண்டாக்கும். அரிப்பு பெரும்பாலும் இருக்காது. பேன் வேறு. அதை முடியை விலக்கிப் பார்த்தாலே காணலாம். மார்கழி, தை மாதங்களில் முடி அடர்ந்திருக்கும்போது பெருகும்.

இவற்றைப் பிரித்தறிய உள்ள முறை எளியது, மலிவானது. புண்ணின் நடுவை விட்டு, நோய் பரவிக்கொண்டிருக்கும் விளிம்பில், லேசாக ரத்தம் கசியும் வரை மழுங்கிய கத்தியால் சுரண்டி, அந்தச் சுரண்டலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒரே இடத்தில் எடுப்பது போதாது, நான்கைந்து இடங்களில் எடுக்க வேண்டும். மேற்பரப்பில் வாழும் வகைக்கு மேலாகவும், துளைக்கும் வகைக்கு ஆழமாகவும் சுரண்ட வேண்டும். சார்காப்டிஸில் அரிப்பு அதிகமாகவும் பூச்சி எண்ணிக்கை குறைவாகவும் இருக்கக்கூடும். ஆகவே நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியவில்லை என்பதை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. இந்த வரம்புக்கு உட்பட்டும், ஊசிக்கு முன் சுரண்டல் என்ற வரிசை வழக்கமானால் பாதிக் குழப்பம் தீரும் என்றே தோன்றுகிறது. இன்று நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: முதலில் ஊசி, அது கேட்காவிட்டால் அடுத்த ஊசி.

அந்த முதல் ஊசி பெரும்பாலும் ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து உருவான இம்மருந்து 1981இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு வந்தது. சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெல்லும் இதற்காக 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்ற சிறிய அளவிலேயே துளைக்கும் பூச்சி, உறிஞ்சும் பேன், குடற்புழு ஆகியவற்றை ஒருசேர அடக்குகிறது. மேற்பரப்பில் தோற்செதிலைத் தின்று வாழும் கோரியாப்டிஸ்மீது ஊசியின் பிடி தளர்வுதான்.

கறவை மாட்டில் அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. ஐவர்மெக்டின் கொழுப்பில் கரைவது. ஆகவே பாலில் நீண்ட நாள் வெளியேறும். மனிதர் குடிக்கும் பாலைத் தரும் மாட்டுக்கு இந்த ஊசி கூடாது என்பதே பல நாடுகளின் விதி. இதே குடும்பத்தைச் சேர்ந்த எப்ரினோமெக்டின் பாலில் மிகக் குறைவாகவே செல்வதால், முதுகில் ஊற்றும் வடிவில் கறவைகளுக்குப் பல நாடுகள் அனுமதி தந்துள்ளன. நம் ஊரில் ஊசி போட்டவர் பாலைப் பற்றி எதுவும் சொல்லாமல் போவதும், வீட்டார் அன்று மாலையே கறந்து குழந்தைக்குக் காய்ச்சுவதும் நடக்காதவை அல்ல. இது பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படவில்லை.

பால்வழி நஞ்சு வருவது புதிய கதையில்லை. பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடி ஒரு காலத்தில் மாட்டின்மீதே தூவப்பட்டது. அதன் எச்சம் பால் கொழுப்பில் தங்குவது தெரிந்த பின்னும் அதன் பயன்பாடு நீண்டது. இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது 1997இல். இன்றும் சில இடங்களில் வண்டி எஞ்சினில் வடித்த கழிவு ஆயிலை மாட்டின் சொறிமேல் பூசுகிறார்கள். பூச்சி மூச்சடைத்துச் சாகலாம். அந்த எண்ணெயில் உள்ள உலோகங்களும் பிற நச்சுகளும் தோல் வழியும் நக்கும்போது நாக்கு வழியும் மாட்டுக்குள் போகும்.

உண்ணியின் கதை தனி. 1893இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் மாட்டுக் காய்ச்சல் ஒன்றை உண்ணிதான் கடத்துகிறது என்று நிறுவினார்கள். கணுக்காலி ஒன்று நோயைச் சுமந்து பரப்புகிறது என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்றுகளில் ஒன்று அது. உண்ணியால் வரும் தோல் தடிப்பைவிட, அது செலுத்தும் தைலீரியா, பபீசியா போன்ற ரத்த ஒட்டுண்ணிகளே கறவையைச் சாய்ப்பவை. சிவந்த கோமியம், வெளிறிய இமை, விடாத காய்ச்சல் ஆகியவற்றோடு உண்ணி கண்டால் அதை வெறும் தோல் பிரச்சினையாகக் கருதிக் காத்திருக்கக் கூடாது.

உண்ணிக்கு எதிரான மருந்துகளின் வரலாறு எதிர்ப்புத்திறனின் வரலாறாகவும் இருக்கிறது. ஆர்சனிக் கரைசலில் மாட்டை முக்கியெடுத்த காலம் முதலில். 1930களிலேயே ஆஸ்திரேலியாவில் அது பலிக்காமல் போனது. பிறகு வந்த டி.டி.டி.யும் அவ்வாறே ஆனது. இப்போது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவற்றுக்கு அடங்காத உண்ணிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. மருந்தைக் குறைவாகக் கலப்பதும், அலைதாடி, காதின் உட்புறம், தொடை இடுக்கு, வாலடி ஆகிய இடங்களை நனைக்காமல் முதுகில் மட்டும் தெளிப்பதும் இந்த எதிர்ப்பை வளர்க்கின்றன.

அதைவிட முக்கியமானது கொட்டகை. நம் மாடுகளில் பரவலாகக் காணும் உண்ணி வகை ஒன்று ஏறத்தாழ மூன்று வாரம் மாட்டின்மேல் இருந்து ரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்து, சுவர் வெடிப்பிலும் தரைப் பிளவிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. மாட்டில் மட்டும் மருந்தடித்தால் மிச்சமெல்லாம் சுவரில் பத்திரமாக இருக்கும். வெடிப்பை அடைப்பதும், சுண்ணாம்பு பூசுவதும், சாணக் குவியலைத் தொழுவத்திலிருந்து தள்ளிப் போடுவதும் மருந்துக் கடையில் கிடைக்காத சிகிச்சைகள்.

இனம் பற்றிய வாதம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். திமில் உள்ள நாட்டு இனங்கள் உண்ணியைத் தாங்கும் திறன் மிக்கவை என்பது ஓரளவு நன்கு நிறுவப்பட்டது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் சாகிவால், சிவப்பு சிந்தி ஆகியவற்றை ஜெர்சியுடன் கலந்து தனிக் கறவை இனம் ஒன்றை உருவாக்கியதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று. ஆனால் உண்ணியைத் தாங்குவதை வைத்து நாட்டு மாட்டுக்குத் தோல் நோயே வராது என்று நீட்டுவது சரியாகாது. அசாமிலும் ஒடிசாவிலும் கேரளத்திலும் திமில்மேல் ஆறாப் புண்ணை உண்டாக்கும் ஸ்டெபனோபைலேரியா என்ற நுண்புழு, ஈக்களால் பரவி, திமில் உள்ள மாடுகளையும் வாட்டுகிறது.

வெயிலும் தீவனமும்: காரணம் தோலில் இல்லாதபோது

தோலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோகும் நோய்களில் தெளிவானது ஒளி ஒவ்வாமை. கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசுவின் வெள்ளைத் திட்டுகள் மட்டும் சிவந்து, வீங்கி, கசிந்து, சில நாளில் காய்ந்த தோலாக உரியும். பக்கத்திலேயே உள்ள கறுப்புத் தோலில் ஒன்றும் இருக்காது. எல்லைக்கோடு அளவெடுத்ததுபோல் நேராக இருக்கும். மூக்கு முனை, இமை, காம்பு ஆகியவையும் பாதிக்கப்படலாம். வெயிலில் கட்டினால் மாடு நிலைகொள்ளாமல் தவிக்கும்.

இதன் காரணம் பெரும்பாலும் ஈரலில் இருக்கிறது. பச்சைத் தீவனத்தின் பச்சையம் வயிற்றில் சிதையும்போது பைலோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகும். நலமான ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். ஈரல் கெட்டால் அது ரத்தத்தில் தங்கி, நிறமில்லாத தோலின் வழியே புகும் வெளிச்சத்தோடு வினைபுரிந்து திசுவைச் சுட்டுவிடும். தென்னாப்பிரிக்காவில் செம்மறிகளுக்கு வந்த இத்தகைய நோயை ஆராய்ந்த ரிமிங்டனும் குவினும் 1934இல் இதை விளக்கினார்கள். அங்கே அந்த நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட செடி நம் தரிசுகளில் படர்ந்து கிடக்கும் நெருஞ்சி.

தமிழ்நாட்டில் முதலில் ஐயப்பட வேண்டியது உண்ணிச்செடி. 19ஆம் நூற்றாண்டில் அலங்காரச் செடியாக வந்து காடுமேடெல்லாம் பரவிய இதன் இலையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உள்ளது. நன்றாகத் தீனி கிடைக்கும் மாடு இதைத் தொடாது. கோடையில் வேறு பச்சை இல்லாதபோது தின்றுவிடும். கண்ணின் வெண்மை மஞ்சளாவது, சாணம் இறுகுவது, தீனி எடுக்காதது ஆகியவை உடன்வரும் குறிகள். இந்த மாட்டுக்குக் களிம்பு பூசுவது இரண்டாம் வேலை. முதல் வேலை அதை இருட்டான நிழலுக்குக் கொண்டுபோவதும் மேய்ச்சலை நிறுத்துவதும். பிறகு ஈரலுக்கான சிகிச்சையை மருத்துவர் தொடங்க வேண்டும். வயிற்றில் மிச்சமிருக்கும் நஞ்சைப் பிடிக்கக் கரித்தூள் கொடுப்பதும் அதில் அடங்கும். ‘உள்ளே கெட்டது வெளியே தெரிகிறது’ என்ற பழைய எச்சரிக்கை சொல்லுக்குச் சொல் பொருந்தும் இடம் இது.

சத்துக் குறைவுக் கொள்கை இன்னும் கவனமாக அளக்கப்பட வேண்டியது. துத்தநாகம் குறைந்தால் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் காலிலும் தோல் தடித்துச் செதிலாகும். தாமிரம் குறைந்தால் முடி நிறம் வெளுத்துச் சொரசொரப்பாகும். வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறண்டு தவிடு தூவியதுபோல் ஆகும். தமிழ்நாட்டு மண்ணில் துத்தநாகக் குறைவு பரவலாக உள்ளது. வைக்கோலையும் தவிட்டையும் மட்டும் நம்பியிருக்கும் மாட்டுக்கு இக்குறை வருவது இயல்பே. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தாது உப்புக் கலவை தயாரித்து வழங்குவதும், நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை கலந்து கொடுக்கப் பரிந்துரைக்கப்படுவதும் இதனால்தான்.

ஆனால் சத்துக் குறைவே எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். குறைவினால் வரும் மாற்றம் உடம்பின் இரு பக்கமும் ஒத்து வரும், பெரும்பாலும் அரிப்பு இருக்காது, ஒரே தீவனம் தின்னும் எல்லா மாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும். ஒரு மாட்டில், ஒரு பக்கத்தில், கடும் அரிப்போடு வருவதைத் தாது உப்பால் மட்டும் ஆற்ற முயல்வது பூச்சிக்கு நாள் கொடுப்பதாகும். துத்தநாகக் குறைவு என்றால், கொடுக்கத் தொடங்கிய சில வாரங்களில் தெளிவான முன்னேற்றம் தெரிய வேண்டும். அந்த முன்னேற்றமே நோயைத் தெரிந்துகொள்ளும் வழியாகவும் ஆகிறது.

ஜெர்சி வழி வந்த கலப்பினங்கள் நம் வீடுகளில் மிகுதி என்பதால் அரிதான ஒன்றையும் சேர்க்கலாம். சினைக் காலத்தின் கடைசியில் பால் வற்றச் செய்யும்போது, மடியில் தேங்கும் தன் பாலின் புரதத்துக்கே சில ஜெர்சி மாடுகளின் உடம்பு ஒவ்வாமை காட்டும். திடீரென உடம்பெங்கும் தடிப்பு, இமை வீக்கம், சில வேளை மூச்சுத்திணறல். பூச்சி கடித்தது, விஷச்செடி தின்றது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். செய்ய வேண்டிய முதல் காரியம் மடியை முழுதும் கறந்துவிடுவது. மூச்சுத் திணறினால் மருத்துவருக்கு உடனே சொல்வது அடுத்தது. இத்தகைய தடிப்புகளுக்கு ஸ்டீராய்டு ஊசி கேட்கும்தான். ஆனால் முதிர்ந்த சினையில் அது கன்று வீச வைக்கும். சினை எத்தனை மாதம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் வீட்டார் சொல்லியாக வேண்டும்.

தோல் கழலை நோய்

1929இல் இன்றைய ஜாம்பியாவில் மாடுகளின் உடம்பெங்கும் உருண்டை உருண்டையாகக் கழலைகள் எழுந்தபோது, விஷச்செடி என்றும் பூச்சிக்கடியின் ஒவ்வாமை என்றும் விளக்கம் தரப்பட்டது. 1940களில் தென்னாப்பிரிக்கப் பகுதிகளில் பெரும் பரவல் ஏற்பட்ட பிறகே இது தொற்றுநோய் என்று தெளிவானது. ஆட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவு இதற்குக் காரணம். இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் முதலில் பதிவாகி, அடுத்த ஆண்டுகளில் தெற்கேயும் பரவி, 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பேரழிவை உண்டாக்கியது.

கடுங்காய்ச்சல், வீங்கிய நிணநீர்க் கட்டிகள், பால் திடீரெனக் குறைவது, தோலின் முழுத் தடிமனையும் ஊடுருவிய கெட்டிக் கழலைகள் ஆகியவை இதன் குறிகள். கழலையின் நடு செத்து அச்சுப்போல் கழன்று குழி விழும். ஹெர்பிஸ் வகையைச் சேர்ந்த வேறொரு வைரஸ் உண்டாக்கும் போலிக் கழலைகள் மேலோட்டமானவை, வடு இல்லாமல் ஆறுபவை. இரண்டையும் கண்ணால் மட்டும் பிரிப்பது கடினம், பி.சி.ஆர். சோதனை தேவைப்படலாம்.

வைரஸைக் கொல்லும் தனி மருந்து நடைமுறையில் இல்லை. காய்ச்சலைத் தணிப்பது, புண்ணில் சீழும் புழுவும் வராமல் காப்பது, ஈயும் கொசுவும் அண்டாமல் வலை கட்டிப் பிரித்து வைப்பது ஆகியவையே சிகிச்சை. உறவு வைரஸ் என்பதால் ஆட்டம்மைத் தடுப்பூசி மாடுகளுக்குப் போடப்பட்டது. ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையமும் இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய தனித் தடுப்பூசி 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு இந்நோய் தொற்றாது. பாலைக் கொட்ட வேண்டிய தேவை நோயால் வருவதில்லை, கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கால் வரலாம்.

தானே ஆறுவதும் மருந்துக்குக் கிடைக்கும் புகழும்

மூலிகை வைத்தியம் பற்றிய வாதம் இந்த இடத்தில்தான் சூடாகிறது. தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் முயற்சியால் மரபு மருந்துகள் அளவோடு தொகுக்கப்பட்டு, தேசிய பால்வள வாரியம் வழியாக நாடெங்கும் பரப்பப்பட்டன. கழலைப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஆகியவற்றில் ஒவ்வொரு கைப்பிடி, 10 பல் பூண்டு, 20 கிராம் மஞ்சள் சேர்த்து அரைத்து அரை லிட்டர் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ காய்ச்சிப் பூசுவது அவற்றுள் ஒன்று. புழு விழுந்த புண்ணுக்குச் சீத்தா இலை அரைத்து வைப்பது இன்னொன்று. உண்ணிக்குத் தெளிக்கும் கரைசலில் வசம்பு, வேம்பு, பூண்டோடு உண்ணிச்செடி இலையும் சேர்கிறது. தின்றால் ஈரலைக் கெடுக்கும் இலை என்பதால், தெளித்த மாட்டை உலரும் வரை நக்கவிடாமல் பார்ப்பதும் அரைத்த மிச்சத்தைக் காடியருகே வைக்காமலிருப்பதும் நல்லது.

இம்முறைகளின் வலிமை தெளிவானது. கைக்கெட்டும் பொருள், குறைந்த செலவு, நள்ளிரவிலும் தொடங்கலாம். எண்ணெய்ப் பூச்சு ஈயை விலக்கிப் பொருக்கை இளக்கும், அதுவே பாதிப் பலன். பலவீனம் சான்றில் இருக்கிறது. மருந்து பூசிய மாடுகள் ஆறின என்ற பதிவுகள் நிறைய உண்டு. பூசாத மாடுகளோடு வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு.

தானே ஆறும் நோய்களில் இந்த ஒப்பீடு இல்லாமல் எதையும் சொல்ல முடியாது. கன்றுகளின் கண்ணைச் சுற்றியும் முகத்திலும் சாம்பல் நிறத்தில் வட்டமாகப் படியும் படர்தாமரை, டிரைகோபைட்டான் என்ற பூஞ்சையால் வருவது. எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மாதத்தில் மறையும். இளம் மாடுகளில் வரும் மருவும் அப்படியே. வேம்பு, கந்தகம், அயோடின், ஆன்டிமனி ஊசி, மருவையே அரைத்துச் செய்யும் தடுப்பூசி என்று இரண்டு மூன்று மாதம் மாற்றி மாற்றிச் செய்து கடைசியில் எது கையில் இருந்ததோ அது பெயர் வாங்கிக்கொள்கிறது. இந்தக் குற்றச்சாட்டு மூலிகைக்கு மட்டும் உரியதில்லை, ஆங்கில மருந்துக்கும் சம அளவில் பொருந்தும்.

அதற்காகப் படர்தாமரையை விட்டுவிடலாம் என்று பொருளில்லை. அது வீட்டுக் குழந்தைகளுக்கு ஒட்டும். கட்டுத்தறியின் மரத்தில் அதன் வித்துகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். கன்றை வெயில்பட வைப்பதும், பொருக்கை நனைத்தெடுத்து எரிப்பதும், அயோடின் பூசுவதும் பரவலைத் தடுக்கும். சோவியத் ஒன்றியத்தில் 1970களில் உருவான உயிர்த் தடுப்பூசியைக் கொண்டு நார்வே இந்நோயை ஏறத்தாழ ஒழித்தது. அப்படியொரு திட்டம் நம் ஊரில் இல்லை.

படர்தாமரையோடு குழப்பிக்கொள்ளப்படுவது மழைக்காலத்தில் முதுகிலும் விலாவிலும் வரும் டெர்மடோபிலஸ். முடிக் கற்றைகள் பசை தோய்ந்த தூரிகைபோல் நிற்கும். பிடுங்கினால் அடியில் ஈரமான சிவந்த புண். இது பாக்டீரியா. பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படாது, பெனிசிலினுக்குக் கட்டுப்படும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த மாட்டை உலர்ந்த இடத்தில் கட்டினாலே பாதி குறையும்.

வீட்டு மாடு என்பதால் மாறுபவை

பண்ணையில் ஒரு மாட்டின் பாலை ஒதுக்கினால் மொத்தத்தில் தெரியாது. ஒற்றைப் பசு உள்ள வீட்டில் அது அன்றைய வருமானமும் குழந்தையின் பாலும் ஆகும். பாலை ஒதுக்கச் சொல்லும் அறிவுரை அங்கே மீறப்படுவதற்கு அலட்சியத்தைக் காட்டிலும் வறுமையே காரணம். ஆகவே மருந்தைத் தேர்வதிலேயே பாலைக் கணக்கில் எடுக்க வேண்டும்: வற்றுக் காலம் வரை தள்ளிப்போடக் கூடிய சிகிச்சையா, மேற்பூச்சு போதுமா என்று முதலில் பார்ப்பது நியாயமானது.

கறப்பவரின் கையும் கணக்கில் வரும். காம்பில் கொப்புளமும் பொருக்கும் வந்தால் அம்மை வகை வைரஸ்களை நினைக்க வேண்டும். ஜென்னர் 1798இல் வெளியிட்ட ஆய்வுக்கு அடிப்படையே கறவைக்காரர்களின் கைக்கு மாட்டம்மை ஒட்டியதுதான். எருமையம்மை இன்றும் கறப்பவரின் விரல்களில் புண்ணாக வருகிறது. அந்த மாட்டைக் கடைசியாகக் கறப்பதும், கை கழுவுவதும், காம்பு வெடிப்புக்கு எண்ணெயிடுவதும் போதுமானவை. ஆனால் காம்புப் புண்ணோடு வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம், அன்றே கால்நடை உதவிக்கான 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டியது.

முடிவாகாதவை

நான்கு விடைகளில் எதுவும் தனியாக நிற்கவில்லை. அரிப்பு உண்டா இல்லையா, உடம்பின் எந்த இடம், வெள்ளைத் தோலில் மட்டுமா, காய்ச்சல் உண்டா, உடனிருக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் உண்டா ஆகிய கேள்விகளைக் கேட்டால் எந்த விடை எங்கே பொருந்தும் என்பது ஓரளவு தெளிகிறது. இதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை பல. கழலைத் தடுப்பூசியின் பாதுகாப்பு நம் கலப்பினக் கறவைகளில் எத்தனை காலம் நிற்கும் என்பதும், தாய்ப்பால் வழி எதிர்ப்புத்திறன் பெற்ற கன்றுக்கு எப்போது போடுவது சிறந்தது என்பதும் இன்னும் விவாதத்துக்குரியவை. மூலிகைப் பூச்சுகளில் எது வெறும் எண்ணெயைவிட மேலானது என்பதற்குத் தெளிவான விடையில்லை. ‘ஒரு கைப்பிடி’ வேப்பிலையின் வீரியம் பருவத்துக்கும் மரத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால் ஆய்வே எளிதில்லை. இவற்றின் எச்சம் பாலில் வருமா என்பதையும் ‘இயற்கையானது’ என்ற ஒரு சொல்லால் தீர்த்துவிட முடியாது. கிராமத்தில் ஐவர்மெக்டின் ஊசி போட்ட ஒற்றைப் பசுவின் பாலில் உண்மையில் எவ்வளவு மருந்து, எத்தனை நாள் வருகிறது என்பதை வீட்டுச் சூழலிலேயே அளந்து பார்ப்பது இவை எல்லாவற்றையும்விட அவசரமானது எனலாம்.

எண்ணெய் மட்டும் பூசிய மாடுகளையும் மூலிகை எண்ணெய் பூசிய மாடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு மாவட்டத்தின் கால்நடை மருந்தகங்கள், சில நுண்ணோக்கிகள், இரண்டு பருவம் விடாமல் எழுதப்பட்ட பதிவேடு ஆகியவை இருந்தால் தொடங்கலாம்.